மிஸ் நான்சியும் பெரியதாயும்: 'தி ரிட்டர்ன்' நாவலில் இரண்டு வகுப்பறைகள்

கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981) பற்றிப் பேச ஆரம்பித்தாலே 'அடையாளச் சிக்கல்' என்ற சொல் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்ச் சிறுவன் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான், வீட்டிலிருந்து விலகுகிறான், இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துத் திரும்புகிறான், எங்கேயும் ஒட்டமாட்டேன்கிறான். தப்பான வாசிப்பு இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், நாவல் கேட்கிற இன்னொரு கேள்வி கைநழுவிவிடும். தோட்டத்துப் பிள்ளைக்குக் கலையைச் சொல்லிக் கொடுத்தது யார்?

மணியம் 1942இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தவர். கொஞ்ச காலம் தமிழ்ப்பள்ளி, பிறகு ஆங்கிலப் பள்ளி, 1962 முதல் 1964 வரை இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் மலாயா ஆசிரியர்களுக்காக நடந்த பயிற்சிக் கல்லூரி. நாவலின் ரவியும் ஏறக்குறைய இதே பாதையில்தான் நடக்கிறான். ஆகவே இதை 1950களின் மலாயாப் பள்ளி வாழ்க்கைக்கு ஒரு சாட்சியாகவும் வாசிக்கலாம்.

ஆங்கிலப் பள்ளியில் ரவிக்கு மிஸ் நான்சி கிடைக்கிறார். அவர் வகுப்பில் மொழி கதையாக வருகிறது. கூடவே சுத்தம், உடை, பேச்சு, நடை எல்லாம் வருகின்றன. இன்று 'ரசனைக் கல்வி' என்கிறோமே, அதுதான் இது. ஆனால் அந்த ரசனைக்கு ஒரு விலை உண்டு. கதையில் வரும் வீடு அழகாக ஆக, சலவைத் தொழிலாளியான அப்பாவின் வீடு அசிங்கமாகிக்கொண்டே போகிறது. ஒரு பையனின் கற்பனையைத் திறந்துவிடுகிற அதே கை அவன் வீட்டுக் கதவைச் சாத்துவதை, மணியம் குற்றச்சாட்டாக எழுதாமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறார். நாவலின் பலம் இங்கேதான்.

மிஸ் நான்சிக்கு முன்பே ரவிக்கு ஒரு ஆசிரியை இருந்தார். பாட்டி பெரியதாய். இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து, சேலை விற்று, பலகாரம் விற்று, தன் கையால் வீடு எழுப்பியவர். வெள்ளிக்கிழமை மாலையில் நடராசர் சிலைக்கு முன் விளக்கேற்றி, பிறகு பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்கிறார். சிற்பம், ஒளி, வாசனை, குரல், கதை எல்லாம் ஒரே நேரத்தில். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத முழுமையான கலை வகுப்பு அது. 1958இல் அவர் இறக்கிறார். தான் உழைத்த நிலத்துக்குப் பட்டா கிடைக்காமலே இறக்கிறார். வீடு நிலைக்காத இடத்தில் வீட்டின் கலை மட்டும் எப்படி நிலைக்கும்? நிலத்தையும் கதையையும் மணியம் ஒரே முடிச்சில் கட்டியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

என் குறை ஒன்று உண்டு. இந்த இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தது. தமிழ்ப்பள்ளி. நாவல் அதை ரயில் நிலையம் மாதிரி கடந்துபோகிறது.

அந்தப் பள்ளிகளின் நிலை ஓரளவு தெரிந்ததுதான். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். சட்டத்துக்காகக் கட்டிய கொட்டகைகள் நிறைய. சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். 1956இல் ரசாக் அறிக்கை, அடுத்த ஆண்டு கல்விச் சட்டம். ஆரம்பப் பள்ளியோடு தமிழ்வழிக் கல்வி முடிந்துவிடும்.

ஆனாலும் அந்தக் கொட்டகைகள் வெறுமையாக இல்லை. ஹுத்தான் மெலிந்தாங் பக்கத் தோட்டம் ஒன்றில் என் பாட்டி நான்காம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டப் போனவர். வாய்ப்பாடு மறந்துவிட்டது. பள்ளியில் பழகிய கோலாட்டம் மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. இரண்டு கரண்டி கிடைத்தால் போதும். அந்தப் பள்ளி கொடுத்த கல்வியில் அறுபது வருடம் தாண்டி மிஞ்சியது அதுதான்.

பள்ளி முடிந்த இடத்தில் பத்திரிகை ஆரம்பித்தது. 1950, 51 வாக்கில் தமிழ் நேசன் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் வாத்தியார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று நாளிதழ் வழியாகவே பாடம். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் இருந்தது. தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் இருந்த பிள்ளைகளுக்கு அஞ்சல் முத்திரைதான் பள்ளிக் கட்டணம். மலேசியத் தமிழ் எழுத்தின் ஒரு தலைமுறை இப்படித்தான் எழுந்தது. ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போன அதே காலத்தில், போக முடியாத இன்னொரு ரவி நாளிதழை வெட்டி வைத்துக்கொண்டு கதை எழுதிப் பழகியிருப்பான். அவனுக்கு மணியத்தின் நாவலில் இடமில்லை.

இதற்காக மணியத்தை 'ஆங்கிலத்தில் எழுதியவர், நம்மவர் இல்லை' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரியதாயின் வெள்ளிக்கிழமையை இவ்வளவு கூர்மையாகத் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். கதை வகுப்பின் வாரிசுகளும் மிஸ் நான்சியின் வாரிசும் ஒருவரையொருவர் வாசிக்காமலே இருந்ததுதான் பெரிய இழப்பு.

இந்தக் கேள்வி பழைய காலத்தோடு முடியவில்லை. நான் படித்த இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் பிள்ளைகளைப் பிரித்தபோது, கலைப் பிரிவு என்றால் 'மார்க் எடுக்காத பிள்ளைங்க' என்று அர்த்தம். கெட்டிக்காரப் பிள்ளை எஞ்சினியர் ஆகணும், அவ்வளவுதான். நானும் ஆனேன். 2009இல் எஸ்.பி.எம். பாடங்களை 10ஆகக் குறைக்கும் முடிவு வந்தபோது, நம் சமூகம் குரல் கொடுத்த பிறகே தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்து 12 எடுக்க வழி கிடைத்தது. அந்தக் குரல் பரீட்சைக்கு. ரசனைக்கு யார் குரல் கொடுத்தார்கள்? 'ஏ' வாங்குவதற்காக இலக்கியம் எடுத்து, முடிவு வந்த மறுநாள் புத்தகத்தைத் தூக்கிப் போட்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

அதனால்தான் 'தி ரிட்டர்ன்' நாவலை இப்போது வாசிக்கச் சொல்கிறேன். அடையாளச் சிக்கலுக்கு விடை தேடி வேண்டாம். கலை ஒரு பிள்ளைக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது, நுழையும்போது எதை வெளியே தள்ளுகிறது என்பதைப் பார்ப்பதற்கு. வாசித்து முடித்த கையோடு உங்கள் வீட்டுப் பெரியதாயிடம் பள்ளியில் என்ன பாட்டுப் படித்தார் என்று கேளுங்கள். மணியம் எழுதாமல் விட்ட மூன்றாவது வகுப்பறை அங்கே இன்னும் பூட்டப்படாமல் இருக்கிறது.