480 நுனிகள்

நான்கு சுற்று, நான்கு நிறம். குரோஷேயில் ஒரு கிரானி சதுரம் முடியும்போது எட்டு நூல் நுனிகள் தொங்கும். 60 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை, நுனிகளோ 480. பின்னி முடித்த போர்வை பரணுக்குப் போய்விடுவது பெரும்பாலும் நுனிகளை மறைக்கும் இந்தக் கட்டத்தில்தான். அதனால்தான் குறுக்குவழிகளுக்கு இத்தனை மவுசு. எந்த வழி நல்லது என்பதை முடித்த அன்றைய அழகைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பத்துச் சலவை கண்ட பிறகும் நுனி உள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பலரும் செய்வது, வாலை, அதாவது தொங்கும் நூல் நுனியை, முந்தைய வரிசையின் மேல் கிடத்தி அதையும் சேர்த்துப் பின்னிக்கொண்டே போவது. ஊசி எடுக்க வேண்டியதில்லை, தனியாக உட்கார வேண்டியதில்லை. நெருக்கமான சிங்கிள் குரோஷேயில் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்த வால் ஒரே திசையில் நேராகக் கிடக்கிறது. துணி இழுபடும், வால் இழுபடாது. போர்வையை உதறும்போதெல்லாம் அது சிறிது சிறிதாக நழுவி, ஒரு நாள் நடுவில் தலைநீட்டும். டபுள் குரோஷேயில் கம்புகளுக்கு நடுவே வெளி அதிகம். நிறம் வேறாக இருந்தால் முதல் நாளே எட்டிப் பார்க்கும்.

முடிச்சே போடக் கூடாது என்ற பழைய கட்டளையை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. மெர்சரைஸ் செய்த பருத்தி நூல் வழவழப்பானது, பிடிமானம் குறைவு. அதில் சிறு முடிச்சுப் போட்டு, பிறகு வாலை ஊசியால் கோப்பது நியாயமே. இரண்டு நூல்களை முடிச்சிட்டு ஒட்ட நறுக்கிவிடும் ‘மேஜிக் நாட்’ அப்படிப்பட்டதல்ல. அது அவிழ்ந்தால் திரும்பப் பிடிக்க வால் இருக்காது. துணியின் நடுவில் ஓட்டைதான் மிஞ்சும்.

அசல் ஆட்டுக் கம்பளிக்கு ஒரு தனி வசதி உண்டு. அதன் இழைகளில் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. இரு நுனிகளின் புரிகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் செதில்கள் கொளுவிக்கொண்டு ஒரே நூலாகிவிடும். மறைக்க நுனியே இருக்காது. இதைவிட அழகான தீர்வு எனக்குத் தெரியாது. ஆனால் நம் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்குவது பலவேளை அக்ரிலிக். அதிலும் பருத்தியிலும் செதில் கிடையாது. மெஷினில் துவைக்கப் பதப்படுத்திய கம்பளியும் இப்படி ஒட்டாது.

மிஞ்சுவது ஊசி. 15 செ.மீ. வால் விட்டு, ஒரு திசையில் சில தையல் தூரம் கோத்து, கடைசி இழையைத் தாண்டி எதிர்த்திசையில் திரும்பி, மறுபடி ஒருமுறை திரும்ப வேண்டும். முடிந்தால் புரிகளையே துளைத்துச் செல்லலாம். ஒரு பக்கம் இழுபட்டாலும் திருப்பங்கள் வாலை விடாது. குறை ஒன்றுதான், நேரம். நுனிக்கு ஒரு நிமிடம் என்றாலும் 480க்கு எட்டு மணி நேரம்.

என் தீர்ப்பு ஊசிக்கே. முதல் திசையைப் பின்னும்போதே மூடிக்கொண்டு, திருப்பங்கள் இரண்டை மட்டும் ஊசிக்கு விட்டால் நேரம் மிச்சம். சதுரம் முடிய முடியச் செய்தால் சலிப்பும் இல்லை. குழந்தைப் போர்வையில் மட்டும் எந்தச் சலுகையும் தர மாட்டேன். தளர்ந்த நூல் பிஞ்சுக் கால்விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். அங்கே மூன்று திசையும் ஊசியால்தான். நறுக்கும் முன் துணியை நான்கு பக்கமும் நன்றாக இழுத்துவிட்டு, அதன் பிறகே கத்தரியை எடுக்க வேண்டும்.