கைப்பிடி வழியே வெந்நீர்

செக் குடியரசின் மேற்கே, தெப்லா ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது கார்லோவி வாரி. பேரரசர் நான்காம் சார்லஸ் 1370இல் நகர உரிமை வழங்கிய இந்த வெந்நீரூற்று ஊரின் தனிக்கலை, நீரை மெதுவாகக் குடிப்பது.

தொடக்கத்தில் நோயாளிகள் ஊற்றுநீரில் மணிக்கணக்கில் ஊறிக் கிடந்தார்கள். குடிக்கும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டில் பரவியது. ஊற்றருகிலேயே குடித்து, குடித்தபடி நடக்க வேண்டும் என்ற முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர் மருத்துவர் டேவிட் பெக்கர். நடப்பதற்கு மழை வெயில் படாத இடம் வேண்டுமே! அதற்காக எழுந்தவையே தூண் மண்டபங்கள். யோசெஃப் ஸீடெக் வடிவமைத்து 1881இல் முடிந்த மில் மண்டபத்தில் 124 கொரிந்தியத் தூண்கள், ஐந்து ஊற்றுகள். பிராகாவின் தேசிய நாடக அரங்கமும் அவர் கைவண்ணமே. மண்டபத்தின் கம்பீரம் ஒரு குவளைத் தண்ணீருக்குச் சற்று அதிகம்தான். ஆனாலும் தூண்களின் சீரான இடைவெளி நடப்பவரின் வேகத்தைத் தானாகவே தணித்துவிடுகிறது.

ஊரின் உண்மையான கலைப்பொருள் பீங்கான் கோப்பை. தட்டையான உடல், உள்ளே குழலாகத் துளையிட்ட கைப்பிடி. கெண்டியில் மூக்கு ஒருபுறம் நீண்டிருக்கும். இங்கே கைப்பிடியே மூக்கு. அதன் நுனியில் வாய் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். ஊற்றுகளில் பெரியதான வ்ரீட்லோவின் நீர் சுமார் 73 டிகிரி செல்சியஸ் சூடு. மடக்கென்று விழுங்க முடியாது. குறுகிய குழலில் சிறிது சிறிதாக வருவதால் நாக்கு பொறுத்துக்கொள்கிறது. தாதுக்கள் பல்லில் படுவதும் குறைகிறது. பூவேலை, பொன்வரி எல்லாம் அழகுதான். ஆனால் நல்ல கோப்பைக்கு அடையாளம் உள்ளங்கையில் அது உட்காரும் பாங்கு.

நீரின் சுவை உப்பு கலந்த வெதுவெதுப்பு. முதல் மிடறில் யாருக்கும் பிடிக்காது. அதை மாற்ற ‘ஒப்லாட்கி’ உண்டு: சித்திர அச்சுள்ள இரும்புத் தகடுகளுக்கிடையே சுட்ட, காகிதம் போல மெலிந்த வட்ட வேஃபர். இடையே சர்க்கரையும் கொட்டைத் தூளும். சூடாக இருக்கும்போதே தின்ன வேண்டும். ஆறினால் பாதிச் சுவைதான்.

1807 முதல் விற்பனையாகும் பெக்கரோவ்கா மூலிகை மதுவை உள்ளூரார் பதின்மூன்றாவது ஊற்று என்பார்கள். தொடக்கத்தில் அது வயிற்று மருந்தாக விற்கப்பட்டது; இன்று வைத்தியத்துக்கும் அதற்கும் உள்ள உறவு அந்த வேடிக்கையோடு சரி.

வ்ரீட்லோ நீரில் காகித ரோஜாக்களை நாள்கணக்கில் வைத்து, செம்பழுப்புக் கல் படியவிட்டு விற்கிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். கோப்பையின் நுட்பம் அதில் இல்லை. அதே கல் ஊற்றுக் குழாய்களிலும் படிவதால், அவை அடைபடாமல் சுத்தம் செய்வதும் ஊரின் ஓயாத வேலை.