அகலத் திரையும் அரைப் பேரும்

கொழும்பின் பல்திரை அரங்குகளில் பெருந்திரைக்கும் சொகுசு இருக்கைக்கும் தனிக் கட்டணம் அறவிடப்படுகிறது. அந்தக் கூடுதல் பணத்துக்கு ஈடான கலையனுபவம் கிடைக்கிறதா என்று சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர்களும் இன்று கேட்கிறார்கள். சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி இக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது ஆசிரியருக்கு அழகன்று.

முதலில், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1952 இல் சினராமாவும் 1953 இல் சினிமாஸ்கோப்பும் அமெரிக்காவில் தோன்றியமைக்குக் கலைத்தாகம் மட்டும் காரணமன்று. தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்து அரங்குகளை வெறுமையாக்கிய காலம் அது. வீட்டிற் கிடைக்காத ஒன்றை விற்றாகவேண்டிய நெருக்கடி படமுதலாளிகளுக்கு ஏற்பட்டது. இன்று கைத்தொலைபேசிக்கு எதிராக ஐமாக்ஸ் முதலியன விற்கப்படுவதும் அதே வணிக நியாயத்தின் தொடர்ச்சியே.

ஆயினும், வணிகத்திற் பிறந்ததெல்லாம் போலியென்று முடிவுகட்டுவது வறட்டுவாதம். ஐமாக்ஸ் படச்சுருளின் ஒரு சட்டம், வழமையான 35 மில்லிமீற்றர் சட்டத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு பரப்புடையது. அதிற் பதிவான காட்சியை அதற்குரிய திரையிற் காணும்போது, முகத்தின் சுருக்கமும் மலையின் தூரமும் ஒருங்கே புலனாகின்றன. இது மெய்யான ஆதாயம். ஆனால் 2023 இல் வெளிவந்த ‘ஓப்பன்ஹைமர்’ கூட அத்தகைய படச்சுருளில் உலகெங்கும் சுமார் 30 அரங்குகளில்தான் ஓடியது. அவற்றுள் ஒன்றேனும் இலங்கையிலோ இந்தியாவிலோ இல்லை. மற்றைய பெருந்திரைகள் காட்டியது எண்ணிமப் பிரதியையே. அதுவும் நன்றாக அமையக்கூடும். எனினும் சாதாரணக் கமெராவில் எடுத்த படத்தை அகன்ற சுவரிற் பெருப்பித்துக் காட்டும்போது, நமது மேலதிகப் பணம் சுவருக்கும் ஒலிபெருக்கிக்குமே போய்ச் சேர்கிறது.

தமிழ்ச் சினிமாவின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) மேடை நாடகமொன்றை மூலமாகக் கொண்டது. திரை அகன்றது, பார்வையோ நாடகக் கொட்டகையின் முன்வரிசையிலேயே நின்றுவிட்டது. 1986 இல் முதல் 70 மில்லிமீற்றர் படமாக வந்த ‘மாவீரன்’, ‘மர்த்’ என்ற இந்திப் படத்தின் மறுவடிவம். புதிய மொந்தை, பழைய கள்!

இனி விலைக்கு வருவோம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ஆக்கி, அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்று அறிவித்தது. கொழுந்தின் எடை குறைந்தால் அரைப் பேர். காலையில் மழை பிடித்தால் இறப்பர் மலையிற் பால்வெட்டு இல்லை. இரத்தினபுரியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். பஸ் செலவும் நுழைவுச்சீட்டும் சேர்ந்து தாயின் ஒரு முழுப் பேரை விழுங்கிவிடும். ஆகவே இந்த மாணவனுக்குக் கூடுதல் கட்டணம் என்பது சில்லறைக் கணக்கன்று; உழைப்பின் கணக்கு.

அந்த உழைப்பாளி திரையில் எங்கே இருக்கிறான்? 1934 இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலை விளம்பரச் சபையின் ஆதரவில் உருவானது. தேயிலையின் பணத்தில் எடுத்த அப்படத்தின் பெரும்பகுதியைக் கிராம வாழ்வும் பௌத்த வழிபாடுமே நிறைத்தன. தோட்ட மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவர, தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975) வரவேண்டியிருந்தது. அதற்கு 70 மில்லிமீற்றர் தேவைப்படவில்லை.

எனவே எமது முடிவு இதுதான்: பெருந்திரைக்கென்றே ஒளிப்பதிவு செய்யப்பட்ட சிறந்த படமொன்று வருமாயின், சேமித்து வைத்து ஒருமுறை சென்று காணலாம், அந்தப் பணம் வீணன்று. மற்றப் படங்களுக்குச் சாதாரணச் சீட்டே போதும். அதனினும் மேலான வழியொன்று நம் கையில் உண்டு. பாடசாலை மண்டபத்தில் ஒரு வெள்ளைத் துணி, ஓர் எறிவுக்கருவி, மாதம் ஒரு நல்ல படம், அதன்பின் ஒரு மணிநேர விவாதம். தனித்தனியே கைத்தொலைபேசியிற் குனிந்திருக்கும் பிள்ளைகள் ஒன்றுகூடித் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். லயத்திலிருந்து வரும் பெற்றோரும் அங்கே கட்டணமின்றி அமரட்டும்.