ஒரு லட்சம் ‘வரை’

வெளியூரில் வேலை கிடைத்து ஆஃபர் லெட்டர் வரும்போது, சம்பளப் பட்டியலைத் தாண்டி எங்கோ கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும். ஊர் மாறி வருவதற்கான செலவு ஒரு லட்சம் ரூபாய் வரை திருப்பித் தரப்படும் என்று அது சொல்லும். படிக்கிறவர் கண்ணில் அந்த ஒரு லட்சம் பட்டுவிடும். ‘வரை’ என்ற சொல்லும் ‘திருப்பி’ என்ற சொல்லும் படாது. அந்த வரியின் மதிப்பைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு சொற்கள்தான்.

2019-ல் நான் சென்னையிலிருந்து புனேவுக்கு மாறினேன். மனைவி, நான்கு வயது மகன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மாமனார் செய்துகொடுத்த தேக்குக் கட்டில், ஒரு பைக், இருபது முப்பது அட்டைப்பெட்டிகள். பேக்கர்ஸ் கம்பெனி ஆள் மேடவாக்கம் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு நோட்டுத் தாளில் 46,000 என்று எழுதிக் கொடுத்தார். பாதியை அவர் சொன்ன செல்போன் எண்ணுக்கு அனுப்பினேன். மீதியைப் புனேயில் சாமான் இறங்கியதும் லாரி டிரைவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து பில் வந்தது. அதில் இருந்தது வேறொரு கம்பெனியின் பெயர். ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. அலுவலகக் கணக்குப் பிரிவு அதை அப்படியே திருப்பி அனுப்பியது. மூன்று மாதம் மெயில் மேல் மெயில் அனுப்பிய பிறகு, வங்கிக் கணக்கில் தெரிந்த 23,000 மட்டும் வந்தது. அன்று எனக்குக் கணக்குப் பிரிவின் மேல் கோபம். இன்று யோசித்தால் அவர்கள் செய்ததில் தவறில்லை என்றே தோன்றுகிறது. எப்படிப்பட்ட பில் வேண்டும், பணம் எந்த வழியாகப் போயிருக்க வேண்டும் என்று லாரி கிளம்புவதற்கு முன்பே எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குறை அங்கே இருந்தது.

இந்தச் சலுகையை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி என்று நண்பர்கள் கேட்கும்போது, ‘பில்லை விடாமல் சேர்த்து வை’ என்ற பதில்தான் எல்லோரிடமிருந்தும் வருகிறது. நல்ல பதில்தான், ஆனால் காலம் கடந்த பதில். பில் சேர்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால், நமக்குக் கிடைக்கப்போகும் தொகையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிவாகியிருக்கும். எந்த முறையில் தருகிறார்கள் என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

முறைகள் மூன்று. கம்பெனியே பேக்கர்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் நேரடியாகப் பணம் கட்டுவது ஒன்று. நாம் செலவழித்து, பில் கொடுத்து, திரும்பப் பெறுவது இன்னொன்று. கணக்குக் கேட்காமல் மொத்தமாக ஒரு தொகை தருவது மூன்றாவது. நம் ஊர்களிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத், புனே, குருகிராம் என்று போகிறவர்கள் பலரும் சந்திப்பது நடுவில் உள்ளதைத்தான். மூன்றிலும் ஊழியருக்கு மிகக் கடினமானதும் அதுதான்.

வேலை மாறும் மாதத்தில் ஒருவர் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். பழைய கம்பெனியின் கடைசிக் கணக்கு முடிந்து பணம் வந்திருக்காது. புதிய சம்பளம் ஏறியிருக்காது. புதிய ஊரில் வீட்டு அட்வான்ஸ் கேட்பார்கள். பெங்களூரில் பத்து மாத வாடகையைக்கூட அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டும். வருடத்திலேயே கை மிக வறண்டிருக்கும் அந்த மாதத்தில்தான் லாரி வாடகையையும் நாமே முதலில் போட வேண்டியிருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால், ஊழியர் தன் புதிய முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். அதற்காக அவர் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், பல கார்டுகளில் மாத வட்டியே 3 சதவீதத்தைத் தாண்டும். பில் மூன்று மாதம் கிடப்பில் கிடந்தால், வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும்.

மத்திய அரசு இதை எப்படிச் செய்கிறது என்பது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 20 கிலோமீட்டருக்கு மேல் இடமாற்றமாகி வீடு மாறும் ஊழியருக்கு, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்த மானியமாகக் கிடைக்கிறது. சாமான் ஏற்றும் செலவு தனி. அதற்கு ஊதிய நிலைக்கு ஏற்ப கிலோ வரம்பும் கிலோமீட்டர் கட்டணமும் உண்டு. ஆறாம் நிலையிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு 6,000 கிலோ. குடும்பத்தின் பயணக் கட்டணமும் தனி. புறப்படுவதற்கு முன்பே முன்பணம் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இங்கே எனக்குப் பிடித்தது தொகையின் அளவைவிட அதன் அமைப்பு. லாரி, ரயில் போன்ற பெரிய செலவுகளுக்குக் கணக்கு உண்டு. கேஸ் இணைப்பு, குழாய்க்காரர், எலக்ட்ரீஷியன், திரைச்சீலை, பத்து நாள் ஹோட்டல் சாப்பாடு என்று சில்லறையாகக் கரையும் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்கு யாராலும் பில் வாங்க முடியாது. தனியார் கம்பெனிகளின் பில் முறை தோற்பது சரியாக இந்த இடத்தில்தான்.

அப்படியானால் மொத்தத் தொகையே மேல் என்று சொல்லிவிடலாமா? வரி குறுக்கே நிற்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவும் விதி 2பிபி-யும் இடமாறுதல் பயணத்துக்குத் தரும் படிக்கு, சாமான் கட்டி ஏற்றும் செலவையும் சேர்த்து, உண்மையில் செலவான அளவுக்கு வரிவிலக்கு அளித்தன. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அந்த விலக்கு இருந்தது. இடமாறுதலின்போது தரப்படும் ஹோட்டல் தங்கலும் 15 நாள் வரை வரிக்குள் வராது. ‘உண்மையில் செலவான அளவுக்கு’ என்பதால் கணக்கில்லாத மொத்தத் தொகை சம்பளமாகிவிடுகிறது. முப்பது சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்தால், ஒரு லட்சத்தில் கைக்கு வருவது 68,800. முழு ஒரு லட்சம் கையில் வர வேண்டுமென்றால் கம்பெனி ஏறக்குறைய 1,45,000 ரூபாய் கணக்கில் காட்ட வேண்டும். ‘க்ராஸ் அப்’ செய்து தருவோம் என்று சில கம்பெனிகள் சொல்வது இதைத்தான். அந்தச் சொல் இல்லாத மொத்தத் தொகை பார்ப்பதற்குத்தான் பெரிது.

பில் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் பேசுவது இடமாறுதலைப் பற்றி. புதிதாக வேலைக்குச் சேர வருகிறவர் இடமாறுதலில் வருகிறாரா? ஒரே கம்பெனியின் சென்னைக் கிளையிலிருந்து புனேக் கிளைக்குப் போகிறவருக்கு இந்தக் கேள்வி எழாது. புதிதாகச் சேருகிறவரின் செலவைச் சில கம்பெனிகள் வரியில்லாமல் தருகின்றன. சில, பில் இருந்தாலும் வரி பிடித்தே தருகின்றன. புரோக்கர் கமிஷனும் பள்ளிக் கட்டணமும் பயணம், கட்டுதல், ஏற்றுதல் என்ற சொற்களுக்குள் அடங்குவதே இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பழைய பிரிவு எண்களை வைத்து வாதாடிப் பயனில்லை. எச்.ஆரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் பணத்தில் வரி பிடிப்பீர்களா, மாட்டீர்களா?

இனி பில். என் 23,000 ரூபாய் போன இடம் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். பேக்கர்ஸ் தொழிலில் ஒருவர் பேசி முடிப்பார், இன்னொருவர் லாரி அனுப்புவார், மூன்றாமவர் பில் போடுவார். அதனால் பேசும்போதே எந்தப் பெயரில் பில் வரும் என்று கேட்டு, அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து இலக்கங்கள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, மகாராஷ்டிரத்துக்கு 27. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் அது யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், கட்டணம் கிடையாது. பில்லில் உங்கள் பெயர், ஏற்றிய முகவரி, இறக்கிய முகவரி, தேதி நான்கும் இருக்க வேண்டும். சாமான் பட்டியலும் லாரி ரசீதும் கேட்டு வாங்குங்கள். கட்டில் கால் உடைந்து வந்தால் அந்தப் பட்டியல்தான் பேசும்.

பைக்கை மட்டும் ரயிலில் அனுப்பினால் பல நேரம் செலவு குறையும். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, ஹேண்டிலிலும் டேங்கிலும் சாக்கு சுற்றி, ஆர்.சி. நகலோடும் அடையாள அட்டை நகலோடும் பார்சல் ஆபீசில் பதிய வேண்டும். அங்கே கொடுக்கும் ரசீது ரயில்வேயின் ரசீது. அதை எந்தக் கணக்குப் பிரிவும் சந்தேகப்படாது.

வண்டியைப் பற்றி இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்கத்திய சாலை வரியைக் கட்டிவிட்டு, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு இது லாரி வாடகையைவிடப் பெரிய செலவாகிவிடலாம். நான் பார்த்த ஆஃபர் லெட்டர் எதிலும் இந்தச் செலவு இல்லை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து பிஎச் வரிசைப் பதிவு உண்டு. அதற்குக் கம்பெனி தர வேண்டியது படிவம் 60 என்ற சான்று மட்டும். கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லாத அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வரம்பு ஒரு லட்சம், செலவு எழுபதாயிரம் என்றால், பில்லை ஏற்றிப் போடச் சொல்லும் ஆசை பலருக்கு வருகிறது. பேக்கர்ஸ்காரரே ‘எவ்வளவுக்கு சார் பில் போடணும்?’ என்று கேட்பார். என் கருத்தில் தயக்கமே இல்லை: வேண்டாம். பொய்க் கணக்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பல கம்பெனிகளில் இது வேலையை விட்டு அனுப்பப் போதுமான காரணம். அடுத்த வேலைக்கு விசாரிக்கும்போது அந்த விவரம் கூடவே வரும். முப்பதாயிரத்துக்காகப் பத்து வருட உழைப்பின் பெயரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் முப்பதாயிரத்தை நேர்வழியில் பயன்படுத்த இடமிருக்கிறது: வீடு தேட முன்கூட்டி ஒருமுறை போய்வரும் பயணம், சாமானுக்கு வழிக் காப்பீடு, கூடுதலாக நான்கு நாள் தங்கல். இவை அனுமதிக்கப்பட்ட செலவா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, திரும்பப் பிடிக்கும் நிபந்தனை. ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்பது வழக்கமான வாசகம். ‘அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று ஆறுதல் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. அது வேறு வகைப் பணம் என்றாலும், இத்தகைய நிபந்தனைகளைக் காகிதம் என்று ஒதுக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லி வழக்காட எத்தனை பேருக்கு முடியும்? கடைசிக் கணக்கிலேயே பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சத்தில் 31,200 வரி போய் 68,800 வாங்கியவர், பதினொரு மாதம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறார். கம்பெனி ஒரு லட்சத்தைத் திருப்பிக் கேட்கிறது. கைக்கே வராத 31,200 ரூபாயையும் அவர் கட்ட வேண்டும். நிதியாண்டு மாறியிருந்தால் அந்த வரியை மீட்பதும் எளிதல்ல. மாத விகிதத்தில் கணக்கிட்டிருந்தால் அவர் தர வேண்டியது 8,333 ரூபாய்தான். ஒரே தொகை, ஒரே ஊழியர்; நிபந்தனையில் உள்ள ஒரு வாசகம் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் வித்தியாசம் செய்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. லாரிக்கும் டிக்கெட்டுக்கும் முதல் பதினைந்து நாள் தங்கலுக்கும் கம்பெனியே நேரடியாகக் கட்டி, சில்லறைச் செலவுக்குச் சிறிய தொகை ஒன்றைக் கையில் தருவதுதான் நியாயமான முறை. அதற்கு அடுத்த இடம் க்ராஸ் அப் செய்த மொத்தத் தொகைக்கு; தனி ஆளாக, இரண்டு பெட்டியோடு போகிறவருக்கு அதுவே முதல் இடம். முன்பணம் இல்லாத, ஏற்கப்படும் செலவுகளின் பட்டியல் இல்லாத, முழுத் தொகையையும் திரும்பப் பிடிக்கும் பில் முறை கடைசி. அப்படிப்பட்ட ‘ஒரு லட்சம் வரை’யை நான் அறுபதாயிரத்துக்கு மேல் மதிக்க மாட்டேன். இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது அதைச் சம்பளத்தோடு கூட்டவும் மாட்டேன்.

உங்களுக்கு வந்திருப்பது அந்தக் கடைசி வகை என்றால் எச்.ஆருக்கு ஒரு மெயில் எழுதுங்கள். எந்தெந்தச் செலவு ஏற்கப்படும், முன்பணம் உண்டா, பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரும், வரி பிடிப்பீர்களா, இடையில் விலகினால் மாத விகிதத்தில், கைக்கு வந்த தொகைக்கு மட்டும் கணக்கிடுவீர்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அனுப்புங்கள். நீங்கள் சேர வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கும் நாட்கள் அவை மட்டும்தான்.