இரட்சணிய யாத்திரிகமும் இழக்கவொண்ணா மீட்பும்

பாகூர் கொம்யூனின் கடலோரச் சிற்றூரான பனித்திட்டில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைக் காணச் சென்றிருந்தேன். அவருடைய மகன் சில ஆண்டுகளுக்கு முன் பிறசபையாரின் செபக்கூட்டம் ஒன்றில், தான் இரட்சிக்கப்பட்டதாகச் சாட்சி சொன்னவன். பின்னர் குடிக்கு அடிமையாகி, அதிலேயே மாண்டான். “ஒருமுறை பெற்ற இரட்சிப்பு ஒருநாளும் போகாது என்றார்கள், சாமி. இப்போது கேட்டால், அவன் உண்மையாக விசுவசித்திருக்கவே மாட்டான் என்கிறார்கள். அவன் அழுது செபித்ததை நான் கண்ணால் பார்த்தேனே!” என்றார். அவருக்கு உடனே விடைகூற என்னால் இயலவில்லை.

வீடு திரும்பியதும் நான் கையில் எடுத்தது மறையியல் நூலையன்று, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற இப்புலவர், ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் நூலைத் தழுவி, கம்பனின் வழிநின்று பாடிய இக்காப்பியம் 1894-இல் வெளிவந்தது. நம் கத்தோலிக்க இல்லங்களில் தேம்பாவணியின் பெயரையாவது அறிவர். இதன் பெயரையும் அறியாதவர் பலர். வேற்றுச் சபையாரின் நூல் என்பதற்காக இதை ஒதுக்குவது நமக்கே இழப்பு.

பனியன் கால்வினின் வழிவந்தவர். இறைவனால் தெரிந்துகொள்ளப்பட்டோர் இறுதிவரை விழாது காக்கப்படுவர் என்பது அம்மரபின் கொள்கை. 1618–19-இல் தோர்ட் நகரில் கூடிய சங்கம் அதனை வரையறுத்தது. தம் ஆடுகளை எவரும் தம் கையினின்று பறிக்க இயலாது என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் கூறுவதே அதன் பெரும் ஆதாரம். அவ்வாக்கு நமக்கும் உரியதே.

ஆனால் 1678-இல் வெளிவந்த அந்த மூலநூலின் கதை என்ன சொல்கிறது? மலைச்சரிவின் பந்தலில் பயணி உறங்கிவிடுகிறான். கையிலிருந்த சுருள் நழுவி விழுகிறது. விழித்தெழுந்து நெடுந்தூரம் சென்றபின்பே அதை உணர்ந்து, அழுதுகொண்டு திரும்பி வந்து தேடுகிறான். அவன் இழந்தது மீட்பையன்று, மீட்பைப் பற்றிய நிச்சயத்தையே என்பர் அக்கொள்கையினர். இவ்விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. வானக நகரின் வாயிலில் காட்டவேண்டிய அனுமதிச்சீட்டே அச்சுருள் என்று நூலாசிரியரே சொல்கிறார். அதைக் காட்ட இயலாத ஒருவன் அவ்வாயில்வரை வந்தும் தள்ளப்படுகிறான். கொள்கையைக் காட்டிலும் கதை அதிகம் அறிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிருஷ்ணபிள்ளை இக்கதையின் இடையிடையே தேவாரம் என்ற பெயரில் பதிகங்களைப் பாடிச் சேர்த்திருக்கிறார். அவை பனியனிடம் இல்லாதவை. காப்பியத்தின் உயிர் அவற்றில்தான் உள்ளது. தன் தகுதியின்மையைச் சொல்லி, இறைவனின் இரக்கத்தை இறைஞ்சும் குரல் அது. ஆவணத்தைப் பெட்டியில் பூட்டிவைத்தவன் அவ்வாறு பாடமாட்டான். குட்டியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்கிறதா, குரங்குக்குட்டிபோல் ஆன்மா தானே பற்றிக்கொள்ள வேண்டுமா என்று தென்கலையாரும் வடகலையாரும் வாதிட்ட வைணவச் சூழலில் வளர்ந்தவர் அவர். அருளின் பிடி, மனிதனின் பற்று ஆகிய இரண்டும் அப்பாடல்களில் கேட்கின்றன.

தனிப்பட்ட இறைவெளிப்பாடு இன்றி, இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவரும் ஐயமற அறுதியிட்டுக் கூறலாகாது என 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் போதித்தது. இதை அச்சமூட்டும் போதனை என்பார் உளர். பனித்திட்டுத் தாய்க்கு நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால் அச்சம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். விழுந்தவனை ‘ஒருபோதும் விசுவசியாதவன்’ என்று பின்னோக்கித் தீர்ப்பிட்டால், இன்று நிற்கும் எவனுக்குத்தான் உறுதி உண்டு? அவனும் அன்று அழுதுதானே செபித்தான்?

நாமும் நம்மைச் சற்றுப் பார்த்துக்கொள்வது நலம். ஒன்பது மாதத் தலைவெள்ளி நற்கருணையை முடித்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. பக்தியைக் காப்பீட்டுப் பத்திரமாக்குவதில் எந்தச் சபையும் பின்தங்கவில்லை!

மறுமுறை பனித்திட்டு சென்றபோது, பனியனின் கடைசி ஆற்றை மட்டும் அத்தாயிடம் கூறினேன். பாலமில்லாத ஆறு அது. இருள் சூழ, பழைய பாவங்களின் நினைவு வாட்ட, பயணி மூழ்கப்போகிறான். உடன்வந்த தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவனுக்கு ஒரு பூசை வைக்கலாமா, சாமி?” என்றார்.

“வைக்கலாம் அம்மா. பெயரை எழுதித் தாருங்கள்” என்றேன்.