இடையன்குடி: வீட்டைப் பார்ப்பதா, ஊரைப் பார்ப்பதா?

உவரிக்கு அந்தோணியாரையும் சுயம்புலிங்க சாமியையும் கும்பிட வர்ற கூட்டத்துல, பக்கத்துலேயே இருக்கிற இடையன்குடிக்குப் போறவங்க குறைவு. போறவங்களும் கால்டுவெல் நினைவில்லத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தேவாலயத்தில் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிடறாங்க. அப்படிப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும் என்பது என் கருத்து.

நினைவில்லம் என்ற வடிவத்திலேயே ஒரு சிக்கல் இருக்கு. அது ஒரே ஒருத்தருடைய வாழ்க்கையைச் சொல்லத்தான் தெரிஞ்ச வடிவம். 1841-ல் இடையன்குடிக்கு வந்தார், 1856-ல் ஒப்பிலக்கணம், 1881-ல் திருநெல்வேலி சரித்திரம், 1891-ல் கொடைக்கானலில் மறைவு. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஐம்பது வருஷமும் அந்த வீடு தனியாக நிற்கவில்லை. தேரிமணலும் பனையுமாக இருந்த இடத்தில் கால்டுவெல் நேர்நேரான தெருக்கள் வகுத்தார், மரம் நட்டார், பள்ளிக்கூடம் வைத்தார், 1847-ல் தொடங்கி 33 வருஷம் இழுத்து 1880-ல் தேவாலயத்தை முடித்தார். வீடு அந்தத் திட்டத்தில் ஒரு மூலை மட்டும்தான்.

இங்கிலாந்தின் பழைய பிரபு மாளிகைகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். டார்செட் பகுதியில் மில்டன் ஆபஸ் என்று ஒரு கிராமம். 18-ஆம் நூற்றாண்டில் மில்டன் பிரபு தன் மாளிகைப் பூங்காவின் காட்சியைக் கெடுக்குதுன்னு பக்கத்திலிருந்த ஊரையே இடித்து, ஜனங்களைக் கண்மறைவான பள்ளத்தாக்கில் ஒரே மாதிரி வீடுகளில் குடிவைத்தார். இன்று சுற்றுலாக்காரர்கள் ரசிக்கிற அழகான கிராமம் அதுதான். இடையன்குடியிலும் ஒருவர் கோடு போட்டுத்தான் ஊர் அமைந்தது. ஆனால் இங்கே ஊரை மறைக்கவில்லை, கோயிலையும் பள்ளியையும் சுற்றி வைத்தார்கள். அதுக்காக இரண்டையும் நல்லது கெட்டதுன்னு பிரிச்சிட முடியாது. ஒருவர் கையில் நிலமும் அதிகாரமும் இருந்து, மற்றவர்கள் எங்கே எப்படி வாழணும்னு அவர் தீர்மானிப்பது ரெண்டு இடத்திலும் உண்டு.

அந்த அதிகாரத்துக்கு எதிர்க்குரலும் இருந்தது. பனையேறிப் பிழைத்த நாடார்களைப் பற்றி கால்டுவெல் 1849-ல் வெளியிட்ட சிறு நூல் அவர்களை இழிவாகக் காட்டுவதாகப் பின்னாளில் கடும் எதிர்ப்பு எழுந்தது, மனுக்கள் பறந்தன. மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறிய சட்டாம்பிள்ளை 1857-ல் பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையே தொடங்கினார். திராவிட மொழிக் குடும்பத்தைத் தனித்து நிறுவிய அறிஞரும் இந்த நூலை எழுதியவரும் ஒரே ஆள்தான். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

விட்டுப்போகிற இன்னொருவர் எலிசா கால்டுவெல். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். 1844-ல் திருமணமாகி வந்தவர் இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அம்மா மார்த்தா நாகர்கோவிலில் தொடங்கிய வேலை அது. பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்க வழிசெய்த தொழில். ஒப்பிலக்கணத்துக்குக் கிடைக்கிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட அந்த லேஸுக்குக் கிடைப்பதில்லை.

வேல்ஸில் எர்டிக் என்ற மாளிகை இருக்கு. 1973-ல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. அங்கே பார்வையாளர்களை ராஜவாசல் வழியாக அல்லாமல் வேலைக்காரர்களின் பட்டறை முற்றம் வழியாக உள்ளே விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்தக் குடும்பம் தன் வேலைக்காரர்களை ஓவியமாகவும் போட்டோவாகவும் பதிந்து வைத்திருந்ததால் அது சாத்தியமாச்சு. நமக்கு அந்த வசதி இல்லை. கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், லேஸ் பின்னியவர் முகம் நம்மிடம் இல்லை. ஆனால் அவங்க பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே தெருக்களில் இருக்காங்க.

அதனால் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வரிசையை மாத்துங்க. முதல்ல தெருக்களில் நடங்க, பனங்காட்டைப் பாருங்க. பிறகு பள்ளி, தேவாலயம். வீட்டைக் கடைசியில் வைங்க. ஊர்ப் பெரியவங்க யாராவது கிடைத்தால், கால்டுவெல்லைப் பற்றிக் கேட்கும் முன் அவங்க பாட்டி லேஸ் பின்னினாங்களா, தாத்தா பனை ஏறினாரான்னு கேளுங்க. எந்தப் பலகையிலும் எழுதாத பகுதி அங்கேதான் கிடைக்கும்.