டாலத்தின் நாட்குறிப்பை ரசிப்பது எப்படி?

எலிசபெத் ராணியின் காலத்து இங்கிலாந்துக்கும் துருக்கி சாம்ராஜ்யத்துக்கும் ஏற்பட்ட உறவை அறிய விரும்புகிறவர்கள் உடன்படிக்கைகளையும் அரசாங்கக் கடிதங்களையும் தேடிப் போவது வழக்கம். ஆனால் அதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமானால், 1599-ஆம் ஆண்டில் ராணியின் பரிசாகிய ஓர் ஆர்கன் வாத்தியத்தைக் கப்பலேற்றிக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டுசென்ற தாமஸ் டாலம் என்ற கைவினைஞர் எழுதி வைத்த நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். 1893-இல் ஹாக்லூட் சங்கத்தார் அதை அச்சேற்றினார்கள்.

படிக்குமுன் வியாபாரக் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். 1570-இல் போப்பாண்டவர் ராணியை மதபிரஷ்டம் செய்துவிட்டபடியால், முஸ்லிம்களுக்குப் போர்ப் பொருள்களை விற்கலாகாது என்ற திருச்சபையின் தடை அவரைக் கட்டுப்படுத்தவில்லை. 1580-இல் துருக்கி சுல்தான் மூன்றாம் முராத் ஆங்கிலேயருக்கு வர்த்தக உரிமை வழங்கினார். மறு வருஷமே பிற்காலத்தில் லெவண்ட் கம்பெனி என்று பெயர் பெற்ற வர்த்தக சங்கம் ராணியின் சாசனம் பெற்றது. கம்பளித் துணியும் ஈயமும் தகரமும் கிழக்கே போயின. பட்டு நூலும் உலர்ந்த திராட்சையும் மேற்கே வந்தன. ராணியின் பிரதிநிதியாகத் தர்பாரில் நின்ற தூதருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் இந்த வியாபாரிகளே. இதை மனத்திலிருத்திப் படிக்கிறவருக்கு, பரிசு முதற்பார்வையிலேயே சுல்தானைக் கவராவிட்டால் அதைக் காலில் போட்டு மிதிப்பார், நம் செலவெல்லாம் வீணாகும் என்று தூதர் ஹென்றி லெல்லோ டாலத்தை எச்சரிக்கும் இடத்தில், ராஜரீகத்தின் குரலுக்குள்ளே முதலாளியின் கவலை ஒலிப்பது தெளிவாகக் கேட்கும்.

அடுத்தபடியாக, யந்திரத்தைப் பற்றிய பகுதிகளை அவசரமின்றி வாசியுங்கள். கப்பலின் அடித்தட்டு வெப்பத்தில் பசை விட்டுப்போய், குழல்கள் சில நசுங்கிக் கிடந்ததைக் கண்ட டாலம், எல்லாவற்றையும் செப்பனிட்டு அரண்மனையில் நிறுவினார். அதிலிருந்த கடிகாரம் மணியடித்ததும் பதினாறு சிறுமணிகள் கீதம் இசைக்க, இரண்டு பதுமைகள் வெள்ளி எக்காளங்களை உயர்த்தி ஊத, அதன்பின் ஆர்கன் தானாகவே முழங்க, உச்சியிலிருந்த புதரில் பறவைகள் சிறகடித்துப் பாடின என்று அவர் வரிசைப்படுத்துவதில் செய்தவனுக்கே உரிய பெருமிதம் தெரிகிறது.

நூலின் உயிர்நிலை இதற்குப் பிறகுதான் வருகிறது. கையால் வாசிக்குமாறு அப்போதைய சுல்தான் மூன்றாம் மெஹ்மத் ஆணையிடவே, சுல்தானுக்கு முதுகைக் காட்டுவது மரண தண்டனைக்குரிய குற்றமாகிய அந்த அவையில், அவருடைய முழங்காலில் உடல் படும்படியாக முதுகு காட்டி அமர்ந்து டாலம் வாசிக்க நேர்ந்தது. வாசிக்கும் கையைப் பார்க்க விரும்பிய சுல்தான் எழுந்தபோது, இடநெருக்கத்தால் டாலத்தைத் தள்ளிவிட்டார்; தம் தலையை வெட்ட வாளை உருவுகிறார் என்றே டாலம் நினைத்தார். முடிவில் கிடைத்ததோ நாற்பத்தைந்து பொற்காசுகள்! சம்பிரதாயங்களுக்குக் கட்டுப்பட்ட தூதர் நெருங்க முடியாத இடத்தைத் தொழில் தெரிந்த ஒருவர் நெருங்கிவிட்ட விந்தையை இங்கே நின்று அனுபவிக்க வேண்டும்.

டாலம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அங்கேயே தங்கிவிடும்படி அரண்மனையார் வற்புறுத்தியபோது, ஊரில் மனைவி மக்கள் உண்டென்று பொய் சொல்லித் தப்பித்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். சுவரிலிருந்த கம்பி ஜன்னல் வழியே அந்தப்புர மங்கையரைக் கண்ட கதையிலும் ரசனையோடு சிறிது எச்சரிக்கை தேவை. அதே சமயத்தில் ராணி அனுப்பிய கோச்சு வண்டியைப் பெற்றுக்கொண்ட சுல்தானின் தாயார் ஸாபியே எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் படித்தால், கைவினைஞர் காணாத உள்ளறையின் ராஜதந்திரமும் புலப்படும்.

லெவண்ட் கம்பெனியின் தலைவராயிருந்த தாமஸ் ஸ்மித்தே 1600-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முதல் கவர்னரானார். ஆகவே நம் சரித்திரத்தில் ஈடுபாடுள்ளவர்கள் சூரத்துக்கும் சென்னைக்கும் முன்னால், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்தே படிக்கத் தொடங்குவது நலம்.